மேலே இல்லாத கோளாறு

சாப்பாட்டு மேசையில் ஸ்டீயரிங் முளைத்து ஏழு மாதமாகிறது. அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் மேசையில் சாப்பிட்டதில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் ஒருத்தி, ஜன்னலோரம் ஒருத்தி. மேசைக்கு முன்னால் கிடக்கும் ஒரே நாற்காலி அண்ணனுடையது. வேறு யாராவது அதில் உட்கார்ந்தால், எழும்போது மெத்தையைப் பழைய இடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். டிரைவர் சீட் இல்லையா, அதற்கென்று ஒரு மரியாதை உண்டு.

கீழே வெல்டிங் பட்டறை, மேலே இரண்டு அறை. கீழே தீப்பொறி பறக்கும்போதெல்லாம் மேலே டிவி ஒருமுறை கண் சிமிட்டும். அந்த டிவியில்தான் அண்ணன் பஸ் ஓட்டினான்.

நிஜ பஸ்ஸை அவன் இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவன். டெப்போவில் அவனுக்கு நிதானம் என்று பெயர். முன்னால் போகிறவன் குறுக்கே விட்டாலும், பின்னால் வருகிறவன் ஹார்னை அழுத்திக்கொண்டே வந்தாலும் இவன் முகத்தில் ஒரு கோடு மாறாது. அப்படிப்பட்டவன் ஒரு விடிகாலை காக்கிச் சட்டைக்குப் பித்தான் போடும்போது வலது கை பாதி வழியில் நின்றுவிட்டது. பக்கவாதம். பிழைத்தான், நடந்தான், பேச்சும் மெதுவாகத் திரும்பியது. கை மட்டும் வரமாட்டேன் என்றது. பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கையில் திணித்து, "தினமும் பிசையுங்க சார், நீங்க அசைக்கலன்னா கை உங்களை மறந்துடும்" என்றாள். அவள் படியிறங்கும் வரை காத்திருந்துவிட்டு, "பந்தைப் பிசைஞ்சா பஸ் நகருமா?" என்று கேட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். இரண்டு மாதம் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனை அங்கிருந்து எழுப்பியது தங்கை. அண்ணி அவளைப் பட்டதாரி என்றுதான் கூப்பிடுவாள். குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. அதை அவள் வாங்குவதற்காக எட்டாம் வகுப்போடு நின்று, முதலில் கிளீனராகவும் பிறகு டிரைவராகவும் போனவன் அண்ணன். இது அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. செய்த கம்பெனிக்காரன் பத்து விரலும் துடிப்பாக இருக்கிறவர்களுக்காகச் செய்தது. ஆனால் இந்த மாதிரி விளையாட்டுகளுக்கு ரசிகர்கள் தங்கள் பங்குக்கு ஒட்டுவேலை செய்வார்கள். புது ஊர், புது வண்டி, புது விதி என்று அவர்களே எழுதி மேலே ஒட்டுவார்கள். அதற்கு மோட் என்று பெயர். அவளும் ஒன்று எழுதினாள். ஒரு கையால் திருப்பலாம், இன்னொரு கை வரும் வரை வண்டி காத்திருக்கும். பிரேக்கை எவ்வளவு மென்மையாக்க வேண்டுமோ ஆக்கலாம். பழைய ஸ்டீயரிங் ஒன்றை வாங்கி மேசையில் முடுக்கினாள். முதல் நாள் அண்ணன் இடது கையால் பிடித்தான். மூன்றாம் நாள் வலது கை தானாக மேலே ஏறி ஓரத்தில் உட்கார்ந்தது. அண்ணி அடுப்பைக்கூட அணைக்காமல் வந்து பார்த்துக்கொண்டு நின்றாள், முட்டை கருகிப்போனது.

மோடின் அமைப்புகள் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. அறுபத்து மூன்று வரி. ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், ஒரு சமக்குறி, ஓர் எண். எதை மாற்றினால் எது மாறும் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பகலெல்லாம் பிரிண்டர் கம்பெனியின் தொலைபேசியில் உட்கார்ந்து "ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க" என்று ஊருக்கே சொல்லிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அண்ணன் ஓட்டுவதைப் பார்த்து ஓர் எண்ணைக் கூட்டுவாள், ஓர் எண்ணைக் குறைப்பாள். அந்த மோடை அவள் இணையத்திலும் போட்டிருந்தாள். நானூறு பேர் இறக்கியிருந்தார்கள். அவர்களுக்காகக் கோப்பின் உச்சியில் ஒரு வரி எழுதியிருந்தாள்: தெரியாதவர்கள் தொட வேண்டாம்.

இப்போது அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. படித்த படிப்புக்கான வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை ரயில்.

அதனால் திங்கட்கிழமை அண்ணனையும் அண்ணியையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். அவளுக்குப் பாடம் எடுக்க வராது.

"இதான் கோப்பு. எல்லாம் இங்கதான் இருக்கு. பார்த்துக்கிட்டீங்களா?"

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்றாள் அண்ணி.

"எறும்பு இல்ல அண்ணி, எழுத்து. அண்ணா, நாளைக்கு உனக்கு ஏதாவது சரியில்லன்னு வச்சுக்கோ. இதைத் திற. இங்க எழுது. சேமி. அவ்வளவுதான். சின்னப்புள்ளகூடச் செய்யும்."

"இங்க எழுதணும்."

"ஆமா. இங்கதான்."

"எழுதிட்டா சரியாயிடும்."

"எழுதிட்டா சரியாயிடும்ணா, எத்தனை தடவை சொல்றது?"

அண்ணன் தலையாட்டினான். இருபத்திரண்டு வருஷம் மேலதிகாரிகள் சொன்னதற்கெல்லாம் ஆட்டிய அதே தலையாட்டல்.

புதன்கிழமை சாயங்காலம் மழையில் நனைந்துகொண்டு அவள் படியேறும்போது வீட்டில் பஸ் சத்தம் இல்லை. டிவி கறுப்பாகக் கிடந்தது. அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். வலது கை தலையணைக்குக் கீழே.

அண்ணி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய விரலை உதட்டில் வைத்து, கத்தாதே என்று ஜாடை காட்டினாள். காட்டியிருக்க வேண்டாம்.

"யாரு கை வச்சது?"

அவள் கோப்பைத் திறந்தாள். அறுபத்து மூன்று வரிக்கு நடுவில் தமிழில் என்னென்னவோ பத்தி பத்தியாகக் கிடந்தது. அவன் பாட்டு தேடுவதற்காக அவளே போட்டுக்கொடுத்த தமிழ் விசைப்பலகை. சமக்குறி இல்லாத ஒரு வரியைப் பார்த்தாலே மோட் மூச்சை நிறுத்திவிடும். இதில் ஆறேழு வரி.

"என்னண்ணா பண்ணி வச்சிருக்க? எண்ணை மாத்துன்னா கதை எழுதி வச்சிருக்க! தெரியலன்னா தொடாம இருக்கணும். மேலயே எழுதியிருக்கேன்ல?"

சுவரைப் பார்த்தபடியே அண்ணன் சொன்னான். "நீ சொன்ன மாதிரிதான் செஞ்சேன்."

அவளிடம் பழைய பிரதி இருந்தது. கெட்டுப்போனதை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு நல்லதை அந்த இடத்தில் வைத்தாள். இரண்டு நிமிஷ வேலை. டிவியில் பஸ் உறுமியது. "வா, வந்து உட்காரு" என்றாள்.

"வேணாம்."

"சரியாயிடுச்சுண்ணா."

"இன்னைக்கு நீ இருக்க. ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் நான் மறுபடியும் கெடுத்தா? அந்த ஊர்லேர்ந்து ஓடி வருவியா? எடுத்துட்டுப் போ. ரெண்டு பேரும் மேசையில உக்காந்து சாப்பிடுங்க."

அன்றைக்கு மேசையில் யாரும் சாப்பிடவில்லை. ரொட்டி காய்ந்து தட்டிலேயே கிடந்தது. வியாழக்கிழமையும் அவன் எழவில்லை. பயிற்சிக்காரப் பெண் வந்து கையைத் தூக்கிப் பார்த்தாள். "போன வாரத்தைவிட இறுகியிருக்கே" என்று அண்ணியிடம் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாள்.

அண்ணி எதையும் சுற்றி வளைக்கமாட்டாள். "பட்டதாரி, நல்லாக் கேட்டுக்கோ. நீ போறதுல எனக்குச் சந்தோஷம்தான். ஆனா இந்த மனுஷனைச் சுவத்துக்குக் குடுத்துட்டுப் போகாத. சுவத்துகிட்டயிருந்து பிடுங்குறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல. பகல்ல நானூறு படுக்கை விரிப்பைப் பிழியறேன்."

"நான் என்ன பண்ணட்டும் அண்ணி? அறுபத்து மூணு வரியை அவன் மண்டைக்குள்ள ஏத்தட்டுமா?"

"அவர் மண்டையைப் பத்திப் பேசாத. உனக்குக் கல்லூரி விண்ணப்பம் நிரப்ப அந்த மண்டைதான் போய் வரிசையில நின்னுச்சு."

அவளுக்கு அது மறக்கவில்லை. கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆள், காக்கிச் சட்டையில் நின்ற அண்ணனிடம் விண்ணப்பத்தை விட்டெறிந்து, "புரியலன்னா ஏன்யா கிறுக்குற? படிச்சவன் யாரையாவது கூட்டிட்டு வா" என்றான். பதினேழு வயதில் அவள் பின்னால் நின்று அதைப் பார்த்தாள். அன்றைக்குப் பற்றிக்கொண்ட எரிச்சல் இன்னும் அணையவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் பரீட்சை எல்லாம் எழுதினாள். கோப்பின் உச்சியில் இருந்த வரியை இப்போது நினைத்தபோது வாய் கசந்தது.

அந்த நேரம் பார்த்து டெப்போ மெக்கானிக் படியேறி வந்தார். அண்ணனோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர், கிரீஸ் வாசனை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. ஸ்டீயரிங்குக்குச் சுற்ற ரப்பர் பட்டை கொண்டு வந்திருந்தார்.

"டேய் நிதானம், என்னடா சாயங்காலமே பார்க்கிங்?"

அண்ணன் திரும்பவில்லை. அண்ணிதான் டீயைக் கொடுத்து நடந்ததைச் சொன்னாள். மெக்கானிக் கேட்டுக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் டீயை நிறுத்தினார்.

"அதுல என்ன எழுதியிருந்தான்?"

"என்னவோ கதை" என்றாள் அவள்.

"படிச்சியா இல்லையா?"

"இல்லண்ணே. நேரா எடுத்துத் தள்ளிட்டு..."

"அடப்பாவி! சீட்டைப் படிக்காம கிழிச்சுட்டியா?" நெற்றியில் அடித்துக்கொண்டார், அங்கே கிரீஸ் ஒட்டியது. "ஏம்மா, டெப்போவுல டிரைவர் எவனாவது இன்ஜினைத் தொடுவானா? தொட்டா அன்னைக்கே சஸ்பென்ஷன். ராத்திரி வண்டியை விடும்போது கோளாறுச் சீட்டுல எழுதி வச்சுட்டுப் போவான். காலையில வந்தா மெக்கானிக் கையெழுத்து இருக்கும். இருந்தாதான் எடுப்பான். நீ என்ன சொன்ன? சரியில்லன்னா இங்க எழுது, எழுதினா சரியாயிடும்னு சொல்லியிருக்க. அவன் எழுதியிருக்கான். மெக்கானிக் யாரு? நீ. தப்பு யாரு மேல?"

அவள் எழுந்து போய் ஓரமாகத் தள்ளியதைத் திறந்தாள். இந்த முறை படித்தாள்.

"வண்டி: வீட்டு வண்டி. டிரைவர்: நிதானம்.

பிரேக்கைத் தொட்டதும் ஆள் எல்லாம் முன்னாடி விழுறாங்க.

இடது திருப்பத்துல ஸ்டீயரிங் கனம். வலது கை பாதியில நின்னுடுது.

மூணாவது ஸ்டாப்புல கைத்தடிக்காரர் ஏறுறதுக்குள்ள கதவு மூடுது. பாவம். தினமும் அவரை விட்டுட்டுப் போறேன்.

மழையில வைப்பர் ஓடுது, சத்தம் இல்ல. தூக்கம் வருது.

மேற்படி கோளாறுகளைச் சரிசெய்து கையெழுத்து போட்டுத் தரவும். அவசரம் இல்லை. மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகணும், மூட்டை கட்டுற வேலை இருக்கும்."

இடது கையின் ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டியது. ஒன்றரை மணி நேரமாவது ஆகியிருக்கும். ஏழு மாதம் பக்கத்திலேயே உட்கார்ந்து எண்ணைக் கூட்டிக் குறைத்தவளுக்குக் கைத்தடிக்காரரைப் பற்றித் தெரியாது. அவள் கேட்டதே இல்லை. அவளுடைய கோப்பில் அந்த ஆள் முப்பத்தெட்டாவது வரியில் ஓர் எண்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு "மழையில நனைஞ்சது" என்றாள்.

"நேத்து நனைஞ்சது" என்றாள் அண்ணி.

வெள்ளிக்கிழமை பிரிண்டர் கம்பெனியில் கடைசி நாள். போகவில்லை. ஊருக்கே ஒருநாள் ஆஃப் என்று வைத்துக்கொள்ளட்டும். மேசையில் உட்கார்ந்து, கோப்புக்கு மேல் ஒரு திரை எழுத ஆரம்பித்தாள். அறுபத்து மூன்று வரியும் அடியில் அப்படியே இருக்கும், யாரும் அதைப் பார்க்க வேண்டாம். மேலே தெரிவது கோளாறுச் சீட்டு. ஒரு கோளாறைத் தொட்டால் அதற்கான எண்கள் அடியில் தாமே மாறிக்கொள்ளும்.

அண்ணி மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்ததும், தங்கை அவளைப் பிடித்து உட்காரவைத்தாள். "படிச்சுப் பாருங்க. எது புரியலையோ சொல்லுங்க."

"பிரேக் உணர்திறன் வளைவு. அப்படின்னா?"

"பிரேக்கை மிதிச்சா எவ்வளவு வேகமாப் பிடிக்கும்னு..."

"அப்ப அதைச் சொல்லித் தொலையேன். வளைவு நெளிவுன்னுக்கிட்டு. அப்புறம் இது என்ன, 'சரி', 'ரத்து'ன்னு ரெண்டு பொத்தான்? ரத்துன்னா எது ரத்து? ஏற்கனவே ஒண்ணு ரத்தாகித்தான் அவர் படுத்திருக்காரு."

ரத்தை அழித்துவிட்டு, "பழையபடியே ஆக்கு" என்று எழுதினாள். பொத்தானைப் பெரிதாக்கினாள். அண்ணி இன்னும் பெரிது என்றாள். ஆக்கினாள். எண்களுக்குப் பதிலாக எவ்வளவு தொந்தரவு என்று கேட்கும்படி வைத்தாள். 'குறைவு, நடுத்தரம், அதிகம்' என்று எழுதியதற்கு அண்ணி முகத்தைச் சுளித்தாள். "இதென்ன மிளகாய்த்தூளா? 'லேசா', 'நல்லாவே', 'தாங்க முடியல'ன்னு போடு."

பிறகு தங்கை வாய்விட்டுப் படித்துக்கொண்டே தட்டினாள். "பிரேக் கடினமாக உள்ளது."

கட்டிலிலிருந்து, சுவரைப் பார்த்து ஒரு குரல் வந்தது. "எந்த டிரைவரும் அப்படி எழுத மாட்டான்."

அண்ணி தங்கையின் முழங்கையை இடித்தாள்.

"வேற எப்படி எழுதுவான்?" என்றாள் அவள், திரையைப் பார்த்தபடியே.

"பிரேக் கல்லு மாதிரி இருக்குன்னு எழுதுவான்."

"சரி. கல்லு மாதிரி. ஸ்டீயரிங் கனம்?"

"கனம்னா எப்போ கனம்? நேரா போறப்பவா, திரும்புறப்பவா? திரும்பி நிமிர்றப்பவா? மூணும் மூணு கோளாறு. உன் மெக்கானிக் எப்படிக் கண்டுபிடிப்பான்?"

"மெக்கானிக் இங்கதான் இருக்கா. இங்க திரும்பிச் சொல்லேன்."

திரும்பவில்லை. ஆனால் விளக்கு போடுகிற வரைக்கும் சுவரிடமே பதினொரு கோளாறு சொன்னான். அண்ணி அவன் முதுகுக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினாள். மடக்க விரல் தீர்ந்தபோது தங்கையின் தோளைக் கிள்ளினாள்.

சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. கீழே பட்டறையில் சுத்தியல் விழ ஆரம்பித்தது. டிவியில் சீட்டு தயாராக நின்றது. அண்ணன் எழுந்து முகம் கழுவி, அதைப் பார்க்காதவன் மாதிரி இரண்டு தரம் குறுக்கே நடந்து, மூன்றாம் தரம் நின்றான். மேலிருந்து கீழே படித்தான். உதடு அசைந்தது.

"கைத்தடிக்காரர் இருக்காரு" என்றான்.

"'ஏறுறதுக்குள்ள கதவு மூடுது.' அது அவர்தான்."

"கடைசியில வரி ஒண்ணு காலியா இருக்கே?"

"மேலே இல்லாத கோளாறு. லிஸ்ட்ல இல்லாதது எது வந்தாலும் அங்க எழுது. கதையே எழுது. ஒண்ணும் கெடாது. அது என் போனுக்கு வந்துடும்."

"மெக்கானிக் கையெழுத்து எங்க?"

அதை மறந்திருந்தாள்.

"கையெழுத்து இல்லாத வண்டி கேட்டைத் தாண்டாது" என்றான், கண்டிப்பாக.

நின்றுகொண்டே ஒரு வரி சேர்த்து, 'பட்டதாரி' என்று கையெழுத்து போட்டாள். அண்ணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் உட்கார்ந்தான். மெத்தையைச் சரிசெய்தான். இடது கை பிடித்தது. வலது கையை இடது கையே தூக்கி வந்து ஓரத்தில் வைத்தது, மூன்று நாளில் அது வழியை மறந்திருந்தது. முதல் ஸ்டாப் கடந்தது. இரண்டாவது. நிறுத்தி, சீட்டைத் திறந்து, 'பிரேக் கல்லு மாதிரி இருக்கு' என்பதைத் தொட்டு, 'தாங்க முடியல' கொடுத்தான். மறுபடி கிளப்பினான். பிரேக் பஞ்சாகிவிட்டது. மிதித்தான், நிற்கவில்லை. மூன்றாவது ஸ்டாப்பைத் தாண்டி, பூச்செடித் தொட்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு போய் நடைபாதையில் ஏறி நின்றது வண்டி.

அவன் முகத்தில் மறுபடியும் புதன்கிழமை வந்தது. அவள் கை தானாக விசைப்பலகைக்கு நீண்டது. அண்ணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரத்தில் ஊறிய பிடி, இரும்பு மாதிரி.

அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு 'பழையபடியே ஆக்கு' என்பதைத் தொட்டான். வண்டியைப் பின்னால் எடுத்தான். மிதித்தான். நின்றது.

"திரும்பிடுச்சு" என்றான்.

"திரும்பும்."

"எத்தனை தடவை கெடுத்தாலும்?"

"எத்தனை தடவை கெடுத்தாலும்."

அவன் 'லேசா' என்பதைத் தொட்டுவிட்டு, மூன்றாவது ஸ்டாப்பில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். கைத்தடிக்காரர் அவர் பாட்டுக்கு ஏறினார்.

அன்று பகல் மூட்டை கட்டுவதற்கு நடுவே புது மோடை இணையத்தில் ஏற்றினாள். 'தெரியாதவர்கள் தொட வேண்டாம்' என்ற வரியை அழித்தாள். மூன்று மாதத்துக்கு முன் யாரோ ஒரு பெண், "எங்க அப்பாவுக்காக இறக்கினேன், கோப்பைத் திறக்கவே பயமா இருக்கு" என்று எழுதியிருந்தாள். அதற்கு இவள் கொடுத்த பதில், "மேலே எழுதியிருக்கிறதைப் படிங்க." அதற்குக் கீழே இப்போது எழுதினாள்: "அன்னைக்குத் திமிரா பதில் சொன்னேன். மன்னிச்சுக்கோங்க. இப்போ தொடலாம். கெடுத்தாலும் திரும்பும். அப்பாகிட்ட என்ன கோளாறுன்னு மட்டும் கேளுங்க."

ஞாயிறு காலை அண்ணன் படியிறங்கி வழியனுப்ப வந்தான். பெட்டியை இடது கையால் தூக்க முயன்று அண்ணியிடம் திட்டு வாங்கினான். "போய்ச் சேர்ந்ததும் சொல்லு" என்றான். "சாப்பிடு" என்றான். அதற்கு மேல் அவனுக்குப் பேச வராது.

ரயில் நகரத்தைத் தாண்டி வெட்டவெளியில் மூன்று மணி நேரம் ஓடியிருந்தபோது போன் அதிர்ந்தது. சீட்டு.

"வண்டி: வீட்டு வண்டி. டிரைவர்: நிதானம்.

மேலே இல்லாத கோளாறு: ஸ்டேஷன்லேர்ந்து வந்ததும் உங்க அண்ணி ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன்னு உக்காந்தா. ரெண்டு மணி நேரமாச்சு. எறங்க மாட்டேங்குறா. ரெண்டு விளக்குக் கம்பம், ஒரு பழக்கடை காலி. கைத்தடிக்காரர் ஏற மறுக்கிறார். மெத்தையையும் நகர்த்திட்டா. உடனே நடவடிக்கை எடுக்கவும்."

எதிரே உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள். கீழே மெக்கானிக் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. அங்கே எழுதினாள்:

"பார்த்தேன். இது வண்டிக் கோளாறு இல்ல. ஓட்டட்டும். – பட்டதாரி."